அணிலைச் சுடுவதா, கூண்டு வைப்பதா?

போன வாரம் பூங்காவில் கூண்டு வைத்த படத்தைப் போட்டாலும் போட்டேன், இன்பாக்ஸ் முழுக்க ஒரே கேள்வி. "அண்ணா, போயும் போயும் அணிலையா கொல்றீங்க? எப்படி மனசு வருது?" கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை என்று நாம் பிள்ளை சேர்த்துச் சொல்லும் உயிர்கள் கொஞ்சம்தான். இத்தனை வருஷம் பிரிட்டனில் இருந்தும் என் வாயில் இன்னமும் அந்தச் சொல்தான் வருகிறது.

ஆனால் இங்கே நாங்கள் பிடிப்பது முதுகில் கோடு போட்ட அந்தச் சின்ன அணில் இல்லை. வட அமெரிக்காவின் சாம்பல் அணில். வளர்ந்தது அரைக் கிலோ வரும். 1876இல் செஷயரில் ஹென்பரி பூங்காவில் அழகுக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். அப்புறம் பெட்ஃபோர்டு பிரபு தன் வோபர்ன் பூங்காவில் வளர்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் பரிசு மாதிரி அனுப்பி வைத்தார். இன்று பிரிட்டனில் சுமார் 27 லட்சம் இருக்கலாம் என்று ஒரு கணக்கு. பூங்கா வைத்திருந்தவர்கள் ஆசைப்பட்டு விட்டதை இப்போது பூங்கா பார்க்கிறவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படி என்னதான் செய்கிறது என்று கேட்டால், மே முதல் ஜூலைக்குள் இளம் பீச் (beech, பழம் தரும் பீச் இல்லை) மரம் ஒன்றின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். பட்டையை நாடா நாடாவாகக் கிழித்து அடியில் போட்டிருக்கும். உரித்த இடம் ஈரமாக, வெளுத்து இருக்கும். விரலால் தடவினால் இரண்டிரண்டாகப் பல் வரி தட்டுப்படும். 10 முதல் 40 வயது வரையுள்ள மரங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சுற்றிவர உரித்துவிட்டால் அதற்கு மேலே உள்ளது பட்டுப்போகும். இன்னொரு பக்கம், பிரிட்டன் மண்ணுக்கே சொந்தமான செவ்வணிலுக்கு இது ஒரு அம்மை வைரஸைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. சாம்பல் அணிலுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. செவ்வணில் இரண்டே வாரத்தில் செத்துப்போகலாம்.

ஆக, கட்டுப்படுத்துவதா வேண்டாமா என்பதில் எனக்குக் குழப்பமில்லை. எப்படி என்பதில்தான் எங்கள் குழுவுக்குள்ளேயே சண்டை.

புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் துப்பாக்கி ஆசையோடு வருகிறார்கள். ஏர் ரைஃபிளை வைத்துக்கொண்டு மரத்தடியில் அண்ணாந்து நிற்பார்கள். அணில் அடிமரத்தின் மறுபக்கம் நழுவிவிடும். இவர்கள் சுற்றி வந்தால் அதுவும் சுற்றும். அணில் ஏறவிட்ட நாய் என்று சும்மாவா சொன்னார்கள்! சிரிப்பை விடுங்கள். இலை மறைவில் கிளைமேல் இருப்பதைச் சுடுவது எனக்குச் சம்மதமே இல்லை. உடனே சாக வேண்டுமென்றால் தலையில் ஒரு சின்ன நாணயம் அளவு இடத்தில் படவேண்டும். வயிற்றில் பட்டால் அது பொந்துக்குள் போய் மணிக்கணக்கில் கிடந்து சாகும், சுட்டவருக்குத் தெரியவே தெரியாது. தப்பிய குண்டு பூங்காவுக்குள் எங்கே போய் விழும் என்பதும் தெரியாது. நாய் நடத்துகிறவர்கள், குழந்தைகள் எல்லாரும் வரும் இடம். இங்கிலாந்தில் குண்டின் விசை 12 அடி-பவுண்டுக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து அதற்கும் தேவை. உரிமம் வேண்டாம் என்பதற்காகக் கை தானாகப் பழகிவிடாது.

சுடத்தான் வேண்டும் என்றால் ஒழுங்கான வழி ஒன்று உண்டு. அடிமரத்தில் தீனிப்பெட்டி பொருத்தி, தூரத்தை அளந்து, பின்னால் குண்டு தங்குவதற்குத் தடுப்பு இருக்கும்படி பார்த்து, மறைவில் உட்கார்ந்து, அணில் தின்ன வந்து அசையாமல் உட்காரும்போது சுடுவது. ஆள் நடமாட்டம் இல்லாத தனியார் தோப்பில் அது சரி. பொதுப் பூங்காவில் என் ஓட்டு கூண்டுக்கே.

கூண்டு வேலையில் சாகசம் ஒன்றும் கிடையாது. முழு மக்காச்சோளத்தைப் போட்டு, கதவு விழாமல் கட்டிவைத்துவிட்டு, சில நாள் சும்மா தின்னவிட வேண்டும். பயம் தெளிந்து பழகிய பிறகே கதவை அவிழ்ப்பது. அதன் பிறகு ஒரு நாளும் தவறாமல் போய்ப் பார்க்க வேண்டும். நாங்கள் காலையும் மாலையும் போகிறோம். மழையில் நனையாதபடி மேலே மூடியும் போடுகிறோம். மாட்டியதுமே அடித்துக் கொன்றுவிடும் ஸ்பிரிங் பொறி வைத்தால் வேலை மிச்சம்தான். அரசு அனுமதித்த வகைகளும் இருக்கின்றன. ஆனால் கூண்டில் தவறாக ஒரு செவ்வணிலோ பறவையோ மாட்டினால் கதவைத் திறந்து விட்டுவிடலாம். பொறியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பிடித்ததை என்ன செய்வது? தூரமாகக் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று நானும் முதலில் கேட்டேன். சட்டப்படி முடியாது. பிடித்த சாம்பல் அணிலைத் திரும்ப வெளியே விடுவது குற்றம். கூண்டோடு தண்ணீரில் முக்குவதும் குற்றம், காட்டு விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 2010இல் அப்படிச் செய்த ஒருவர் நீதிமன்றம் வரை போனார். விஷமும் இப்போது கிடையாது. வார்ஃபரின் என்ற எலி விஷத்தை வைப்பதற்கு முன்பு இருந்த அனுமதி போய்விட்டது.

மிஞ்சுவது இது. கூண்டின் மேல் சாக்கைப் போர்த்த வேண்டும். அதுவரை கம்பியில் மோதிக்கொண்டிருந்தது இருட்டு வந்ததும் அடங்கிவிடும். வாசலில் சாக்கின் வாயைப் பிடித்தால் உள்ளே ஓடி வரும். மூலைக்கு ஒதுக்கி, தலையில் ஒரே அடி. முதல் தடவை எனக்குக் கை நடுங்கியது. பக்கத்தில் நின்ற அனுபவசாலி என்னை விலக்கிவிட்டு அவரே முடித்தார். சாக்கு அவ்வளவு லேசாக இருந்தது. அன்று காலைச் சாப்பாடு இறங்கவில்லை. இதை மறைத்து எழுதுவது நேர்மையில்லை என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது அரைகுறையாகச் செய்கிறவர்கள் மேல். ஒரு மாதம் உற்சாகமாகப் பிடித்துவிட்டு அப்படியே நிறுத்திவிடுவார்கள். வருஷத்துக்கு இரண்டு ஈற்றுப் போடும் பிராணி, பக்கத்துத் தோப்பிலிருந்தும் வந்து நிரம்பிவிடும். கொன்றதெல்லாம் வீண். 1950களில் வாலுக்கு ஒரு ஷில்லிங் என்று அரசே காசு கொடுத்துப் பார்த்தது. வால்கள் குவிந்தன, அணில் குறையவில்லை. வேல்ஸில் உள்ள ஆங்கிள்சி தீவில் நடந்தது வேறு. 1998இல் ஆரம்பித்து, தோப்பு தோப்பாக, வருஷக்கணக்கில் விடாமல் கூண்டு வைத்தார்கள். 2015இல் சாம்பல் அணில் இல்லாத தீவு என்று அறிவித்தார்கள். செவ்வணில் திரும்பப் பெருகியது. அது தீவு, சுற்றிக் கடல், நமக்கு அந்த வசதி இல்லை என்பது உண்மைதான். அதனால்தான் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் மாறி மாறிக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் தினமும் வேர்க்கடலை வைத்து அதே அணில்களை வளர்த்துக்கொண்டிருக்கிறார், அவரோடு பேச்சுவார்த்தை நடக்கிறது!

அயர்லாந்தின் நடுப்பகுதியில் பைன் மார்ட்டின் என்ற மரநாய் பெருகிய இடங்களில் சாம்பல் அணில் தானாகவே குறைந்திருக்கிறது. கருத்தடை மருந்தைத் தீனியில் கலந்து வைக்கும் ஆராய்ச்சியும் நடக்கிறது. இரண்டில் எது எங்கள் பூங்காவுக்கு வந்தாலும் அன்றே சாக்கைக் கொளுத்திவிடுவேன். அதுவரை முறை போட்டுத்தான் ஆகவேண்டும்.

இந்த சீசனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி முறைக்கு ஆள் இல்லை. வர விருப்பம் உள்ளவர்கள் தடிமனான கையுறை கொண்டு வாருங்கள், கடித்தால் எலும்பு வரை இறங்கும். துப்பாக்கி வேண்டாம்.