ஒரே ஒரு தப்பு, உடனே பெஞ்ச்!

நேற்று பார்த்த ஆட்டத்தை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பத்தொன்பது வயதுப் பையன், இந்த சீசனில்தான் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்கு வந்திருக்கிறான். இரண்டாவது குவார்ட்டரில் இறக்கினார்கள். வந்ததும் எதிராளி எறிந்த பந்தைத் தட்டிவிட்டு ஒரு பிளாக். அடுத்த நொடியே மறுமுனைக்கு ஓடிப்போய், பந்தைக் கூடைக்குள் அழுத்தி ஒரு டங்க். அதற்கடுத்து பந்து கைக்கு வந்தபோது மூலையில் நின்றவருக்கு அவசரப்பட்டு ஒரு பாஸ் கொடுத்தான். எதிரணி அதைப் பறித்துக்கொண்டு போய் கூடையில் போட்டது. அவ்வளவுதான். பந்து வலையை விட்டுக் கீழே விழுவதற்குள் கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்த்து விரலை அசைத்துவிட்டார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் ஆட்டம் கைவிட்டுப் போன கடைசி இரண்டு நிமிடம் வரை அவனை யாரும் கூப்பிடவில்லை.

அதே குவார்ட்டரில் ஒரு மூத்த வீரர் இதேபோல இரண்டு பாஸ்களைக் கோட்டைவிட்டார். அவருக்குக் கைதட்டி உற்சாகம் கொடுத்தார்கள். தப்பு ஒன்றுதான், ஆள் மட்டும் வேறு.

வெளியே எடுத்ததைக்கூட பொறுத்துக்கொள்வேன். எடுத்தபின் அவன் பக்கத்தில் ஒருவர் போய் உட்கார்ந்தாரா? இல்லை. பெஞ்சிலேயே டேப்லட் இருக்கிறது, இப்போதுதான் நடந்ததை அதில் போட்டுக் காட்ட உதவிப் பயிற்சியாளர்கள் வரிசையாக இருக்கிறார்கள். 'இங்கே பார், உன்னைத் தடுக்கிறவன் ஏற்கெனவே மூலைப் பக்கம் சாய்ந்து நிற்கிறான், நீ நேராக ரிம்மை, அதாவது கூடை வளையத்தை நோக்கிப் போயிருக்கலாம்' என்று சொல்ல முப்பது நொடி போதும். அந்த முப்பது நொடிகூட கொடுக்காமல், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்த பையனை அப்படியே விட்டுவிட்டார்கள்.

இப்படி நடத்தப்படுகிறவனிடம் என்ன மாறும் என்று கவனித்துப் பாருங்கள். பந்து தவறியதும் அவன் கண் ஓடுகிறவனைத் தேடாது, பெஞ்சைத் தேடும். தன்னை எடுக்கப்போகிறார்களா என்று பார்க்கிற அந்த ஒரு நொடியில் எதிராளி அவனைத் தாண்டிப் போயிருப்பான். அப்புறம் இரண்டாவது தப்பும் அவன் கணக்கில் ஏறும். பத்து ஆட்டம் இப்படிப் போனால் அவன் எறிய வேண்டிய பந்தை எறிய மாட்டான், பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவான். பந்தை எதிரணியிடம் இழக்கும் டர்ன்ஓவர் குறையும். உடனே கோச், பையன் முதிர்ச்சி அடைந்துவிட்டான் என்பார். அவன் முதிரவில்லை, ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறான். பதினேழு வயதில் என்னோடு ஆடிய ஒரு நண்பனுக்கு இதுதான் நடந்தது. எங்களில் மிக நன்றாக ஆடக்கூடியவன், ஒரு வருடத்தில் பந்தைக் கேட்பதையே நிறுத்திவிட்டான். அதனால்தான் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

புதிதாக வருகிறவன் தப்பு செய்வது சோம்பேறித்தனத்தால் அல்ல. சின்ன வயதிலிருந்து அவன்தான் மைதானத்தில் உயரம், அவன்தான் வேகம். டிஃபென்ஸில் ஒரு அடி தாமதமாகக் கிளம்பினாலும் எம்பிப் பிடித்து பிளாக் செய்திருப்பான். என்பிஏவில் அந்த ஒரு அடிக்குள் எதிராளி கூடைக்குப் பக்கத்தில் போய் லே-அப் போட்டுவிடுவான். ஒருவர் தடுப்பாக நின்று (ஸ்க்ரீன்) சக வீரருக்கு வழிவிட்டு, பிறகு தானும் கூடையை நோக்கி ஓடும் பிக் அண்ட் ரோல் வந்தால் ஒரு நாள் பின்வாங்கி நிற்க வேண்டும், அடுத்த ஆட்டத்தில் ஆளை மாற்றிப் பிடிக்க வேண்டும். எதிரணிக்கு ஏற்ப எல்லாம் மாறும். 82 ஆட்டங்களுக்கு நடுவே பயணமும் ஓய்வும் போக, முழு அணியாக நின்று பயிற்சி செய்யக் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. அப்படியானால் இதையெல்லாம் அவன் எங்கேதான் கற்றுக்கொள்வான்? ஆட்டத்தில்தானே!

1997 மே 12. லேக்கர்ஸ் அணியில் முதல் வருடம் ஆடிய கோபி பிரையன்டுக்கு 18 வயது. அந்த சீசன் முழுவதும் கோச் டெல் ஹாரிஸ் அவருக்குக் கொடுத்தது சராசரியாக 15 நிமிடம் சொச்சம்தான். ஆனால் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் யூட்டா ஜாஸுக்கு எதிரான தொடரின் அந்த ஐந்தாவது ஆட்டத்தில், ஸ்கோர் சமமாக இருக்கும்போது கடைசி பந்தை அந்தப் பையனிடம் கொடுத்தார். ரிம்மையே தொடவில்லை, ஏர்பால். அணியின் பெரிய நட்சத்திரம் ஷாகில் ஓ'நீல் ஆறு ஃபவுல் ஆகி ஏற்கெனவே வெளியே போயிருந்தார். கூடுதல் நேரமான ஓவர்டைமில் கோபி மறுபடியும் எறிந்தார், இன்னும் மூன்று ஏர்பால். லேக்கர்ஸ் தொடரையே இழந்தது. முதல் ஏர்பாலுக்கே அவரை இழுத்து உட்கார வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வைக்கவில்லை. 2000 இறுதித் தொடர், இந்தியானாவுக்கு எதிரான நான்காவது ஆட்டம். மறுபடியும் ஓவர்டைம், மறுபடியும் ஷாக் ஆறு ஃபவுலோடு வெளியே. அன்று அந்த ஆட்டத்தைத் தன் கையில் எடுத்து வென்று கொடுத்தவர் இதே கோபி. நான்கு ஏர்பால் எறிந்தவருக்கு மறுபடியும் எறிகிற தைரியம் இருந்ததே, அந்தத் தைரியத்தை முதல் வருடத்திலேயே உடைக்காமல் விட்டதற்குக் கொஞ்சமாவது மதிப்பு கொடுங்கள்.

ஜெர்மெய்ன் ஓ'நீல் கதை இதற்கு நேர்மாறு. அவரும் கோபியைப் போலவே, அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 1996இல் எடுக்கப்பட்டவர், பள்ளியிலிருந்து நேராக வந்தவர். போர்ட்லாந்தில் நான்கு வருடம் பெஞ்சில் தேய்ந்தார். கடைசி சீசனில் சராசரி 3.9 புள்ளி. 2000இல் இந்தியானாவுக்கு மாறினார், ஆரம்ப ஐவரில் இறக்கினார்கள், அந்த சீசனிலேயே 12.9. அப்புறம் தொடர்ந்து ஆறு முறை, சிறந்த வீரர்களுக்கான ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வு. ஒரே கோடையில் திறமை மூன்று மடங்கு ஆகிவிடுமா என்ன?

உடனே ஒருவர் வருவார்: ஜெயிப்பதற்குத்தான் கோச்சுக்குச் சம்பளம், வளர்ப்பதற்கு அல்ல. டெட்ராய்ட் பிஸ்டன்ஸைப் பார், 2003 டிராஃப்டில் இரண்டாவதாக எடுத்த டார்கோ மிலிசிச்சை கோச் லாரி பிரவுன் பெஞ்சிலேயே வைத்திருந்தார், 2004இல் கோப்பையை வாங்கினார் என்பார். சரி, ஒத்துக்கொள்கிறேன். தோற்றால் வேலை போகும் என்ற பயம் கோச்சுக்கும் உண்டு, அது பொய்ப் பயம் இல்லை. கோப்பைக்கு ஆடுகிற அணியில் பதினெட்டு வயதுப் பையனுக்கு 30 நிமிடம் கொடு என்று நானும் கேட்கவில்லை. ஆனால் டார்கோவுக்கு முதல் வருடம் கிடைத்தது 34 ஆட்டம், ஆட்டத்துக்கு 4.7 நிமிடம். பெரும்பாலும் முடிவு தெரிந்துபோன ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள். அதில் எவனும் எதையும் கற்க முடியாது. அந்த நிமிடங்களில் யாரும் ஒழுங்காக ஸ்க்ரீன்கூட வைப்பதில்லை.

நான் கேட்பது கொஞ்சம்தான். இரண்டாவது குவார்ட்டரில் ஆறு நிமிடம் உனக்கு, தப்பு செய்தாலும் அந்த ஆறு நிமிடம் உன்னுடையது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அவனைத் தடுமாறும் இரண்டாம் வரிசையோடு விடாமல், வாய்விட்டுப் பேசி டிஃபென்ஸை நடத்துகிற ஒரு மூத்தவரோடு இறக்குங்கள். இன்றைக்குத் தவறி வரும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுக்கு ஆளை மறித்து நில், பந்து வந்தால் தயங்காமல் எறி, இந்த இரண்டு மட்டும் பார் என்று வேலையைச் சுருக்கிக் கொடுங்கள். ஓடாமல் நடந்தால், சொன்னதையே செய்ய மறுத்தால், தாராளமாக வெளியே எடுங்கள். அது உழைப்பு சம்பந்தப்பட்டது. முயன்று தவறுவதையும் முயலாமல் நிற்பதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

எதையும் சொல்லிக்கொடுக்காமல் பந்தைக் கையில் கொடுத்து இஷ்டம்போல ஆடு என்று விடும் தோல்வி அணிகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அங்கே தப்பு பழக்கமாகிவிடும். ஆனால் 15 ஆட்டங்களே ஜெயித்த மில்வாக்கியில், 2013-14இல், யானிஸ் என்ற ஒல்லிப் பையனுக்கு ஆட்டத்துக்கு 24 நிமிடம் கொடுத்தார்கள். கிடைத்தது 6.8 புள்ளி. 2021 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் அவர் 50 புள்ளி அடித்தார்.

நேற்றைய அணியின் அடுத்த ஆட்டம் நாளை மறுநாள். அந்தப் பையனை எப்போது இறக்குகிறார்கள், முதல் தப்புக்குப் பிறகு எத்தனை நிமிடம் விடுகிறார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பேன்.