பாட்டி சொன்ன முதல் அத்தியாயம்
மறக்க முடியாத புத்தகங்கள் என்று நீங்கள் போட்ட பட்டியலில் பொன்னியின் செல்வனையும் சேர்த்திருக்கிறீர்கள், சரிதான். ஆனால் நான் படித்தது கடையில் வாங்கிய ஐந்து பாகங்கள் இல்லை. 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் வந்த தொடரைப் பாட்டி வாராவாரம் பிரித்தெடுத்து, ஓவியர் மணியத்தின் படங்களோடு பைண்டு செய்து வைத்திருந்தார். பின்பக்கத்தில் பாதி அறுபட்ட விளம்பரங்கள் வேறு. தி. ஜானகிராமனின் மோகமுள் எல்லாம் அப்புறம், நூலகத்தில் எடுத்தது.

வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் முதல் அத்தியாயத்தைப் பூச்சி அரித்துவிட்டது. அதைப் பாட்டி வாயால்தான் கேட்டேன். அவர் சொன்ன ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் எங்கள் தெருக்காரர்கள் நாலு பேர் புளியோதரைத் தூக்கோடு நிற்பார்கள். வேலைக்குப் போய்ப் புதுப் பதிப்பு வாங்கிப் பார்த்தால், அவர்களைக் காணோம்!