டாட் பிரிட்ஜஸுக்குச் சாபமும் இல்லை, அதிசயமும் இல்லை

'டிஃப்ரன்ட் ஸ்ட்ரோக்ஸ்' தொடரில் நடித்த மூன்று பிள்ளைகளைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், யாராவது ஒருவர் வந்து "அந்த சீரியலுக்கே ஏதோ சாபம்" என்று எழுதிவிட்டுப் போகிறார். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. சாபம் என்று முடித்துவிட்டால் அப்புறம் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லையே. பெற்றவர்களை, கூட இருந்தவர்களை, சட்டத்தை, யாரையும்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1978 முதல் 1986 வரை அமெரிக்காவில் ஓடிய நகைச்சுவைத் தொடர் அது. நியூயார்க்கில் ஒரு வெள்ளைக்காரப் பணக்காரர், தன் வீட்டில் வேலை பார்த்து இறந்துபோன கறுப்பினப் பெண்ணின் இரண்டு பையன்களை எடுத்து வளர்க்கிறார். தம்பி ஆர்னால்டாக கேரி கோல்மன், அண்ணன் வில்லிஸாக டாட் பிரிட்ஜஸ், பணக்காரரின் மகள் கிம்பர்லியாக டேனா பிளேட்டோ. மூவரில் கோல்மனும் டேனாவும் இப்போது இல்லை.

தொடர் தொடங்கும்போது டாடுக்கு 13 வயது. அதற்குள் 'ரூட்ஸ்' போன்ற பெரிய தொடர்களில் தலைகாட்டியிருந்தான். அதற்கு முன்பே அவனுடைய விளம்பர வேலைகளைக் கவனித்துக்கொண்ட, வீட்டுக்கு வேண்டியவராகப் பழகிய ஒருவர் அவனைப் பாலியல் வன்கொடுமை செய்திருந்தார். பையன் அதைச் சொன்னபோது அப்பா அந்த ஆளின் பக்கம் நின்றார். 2010-ல் வெளியான தன்வரலாற்றில் டாடே இதை எழுதியிருக்கிறார். ஆக, நாடே கொண்டாடிய அந்த அண்ணன் கதாபாத்திரத்தைச் சுமந்தவன், வீட்டில் பெற்ற அப்பாவே நம்பாத பிள்ளை.

என்னால் தாண்டிப் போக முடியாதது 1983-ம் ஆண்டுதான். அந்த ஆண்டு பிப்ரவரியில் இரண்டு பாகமாக ஒரு கதை ஒளிபரப்பானது. சிறுவர்களிடம் நைச்சியமாகப் பேசி வளைக்கும் சைக்கிள் கடைக்காரர் ஒருவரைப் பற்றியது. பிள்ளைகள் இப்படி ஏதாவது சொன்னால் நம்புங்கள் என்று பெற்றோருக்குப் பாடம் சொன்ன கதை. அடுத்த மாதமே அதிபரின் மனைவி நான்சி ரீகன் தொடரில் தோன்றி, போதைப்பொருள் வேண்டாம் என்று குழந்தைகளுக்கு அறிவுரை சொன்னார். ஊருக்கெல்லாம் இந்த இரண்டு பாடமும் அந்தத் தொடரிலிருந்துதான் போனது. முதல் பாடத்தில் வந்த கொடுமை தனக்கே நடந்த பையன் அதே தொடரில் நடித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது பாடத்தில் எச்சரித்த இடத்துக்கும் சில ஆண்டுகளில் போய்ச் சேர்ந்தான்.

தொடர் முடிந்தது, புது வாய்ப்பு வரவில்லை, கிராக் கொக்கெய்ன் வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் போதைப்பொருள் புழங்கிய ஒரு வீட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கொலை முயற்சி வழக்கு பாய்ந்தது. பிற்பாடு கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சனின் கொலை வழக்கில் உலகப் புகழ் பெற்ற வக்கீல் ஜானி காக்ரன்தான் டாடுக்காக வாதாடினார். 1989-ல் ஜூரிகள் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தார்கள். அதற்குப் பிறகும் அவர் உடனே திருந்திவிடவில்லை. மெத்தாம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருளைப் பழகினார், விற்கவும் செய்தார், மறுபடி கைதானார். 1993-லிருந்துதான் போதையைத் தொடாமல் இருக்கிறார்.

அதை அதிசயம் என்று சொல்பவர்களிடமும் எனக்கு உடன்பாடில்லை. கைவிடாத அம்மா இருந்தார். திறமையான வக்கீல் கிடைத்தார். போதை மறுவாழ்வு சிகிச்சை கிடைத்தது. தனக்கு நடந்ததை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் பின்னால் வந்தது. கிடைத்த வேலையைக் கௌரவம் பார்க்காமல் செய்தார். 2002-ல் பாடகர் வெனிலா ஐஸுடன் தொலைக்காட்சிக் குத்துச்சண்டையில் இறங்கி ஜெயித்ததைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் கேவலம் எதுவும் தெரியவில்லை. அது வேலை, சம்பளம் வந்தது. 2007 முதல் 'எவ்ரிபடி ஹேட்ஸ் கிறிஸ்' தொடரில் மங்க் என்ற சின்ன வேடம் செய்தார், நன்றாகவே செய்தார். 2001-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெண்மணியின் சக்கர நாற்காலி ஏரிக்குள் உருண்டுவிட, டாடும் அவருடைய அண்ணனும் சேர்ந்து காப்பாற்றினார்கள். கைதானபோது வந்த செய்தியை நினைவு வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மற்ற இருவருக்கும் இதெல்லாம் அமையவில்லை. டேனா கர்ப்பமானபோது தொடரிலிருந்து விலக்கப்பட்டார். 1991-ல் லாஸ் வேகாஸில் பெல்லட் துப்பாக்கியைக் காட்டி ஒரு வீடியோ கடையில் கொள்ளையடித்தார். 1999 மே மாதம் ஒரு வானொலி நிகழ்ச்சியில் நேயர்கள் அவரைப் போட்டு வாட்டினார்கள். மறுநாள், அளவுக்கு மீறிய மாத்திரைகளால் இறந்தார். வயது 34. கோல்மனுக்குச் சிறு வயதிலிருந்தே சிறுநீரக நோய். சம்பாதித்த பணத்துக்காகப் பெற்றோர் மீதே வழக்குப் போட்டார். 1993-ல் நீதிமன்றம் சுமார் 12.8 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அப்படியிருந்தும் பிற்பாடு செக்யூரிட்டி வேலை பார்த்தார், 1999-ல் திவால் மனு கொடுத்தார். 2010 மே மாதம் 42 வயதில் போய்விட்டார்.

இதில் சாபம் எங்கே இருக்கிறது? சாப்ளின் படத்தில் நடித்த ஜாக்கி கூகன் என்ற சிறுவன் சம்பாதித்த லட்சக்கணக்கான டாலர்களைத் தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்துவிட்ட பிறகு, நடிக்கும் பிள்ளைகளின் பணத்தைக் காக்க 1939-லேயே கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. ஆனால் நீதிமன்றம் பார்த்து ஒப்புதல் கொடுத்த ஒப்பந்தங்களுக்கு மட்டும்தான் அது செல்லும். பிள்ளையின் வருமானம் பிள்ளைக்கே சொந்தம், அதில் 15 சதவீதத்தைத் தனியாகப் போட்டு வைத்தே ஆக வேண்டும் என்று உறுதியானது 2000-ம் ஆண்டில். அறுபது ஆண்டுகள்! கோல்மனின் பணம் அந்த இடைவெளியில்தான் போனது.

பணத்தையாவது ஓரளவு காப்பாற்ற வழி செய்தார்கள். பிள்ளையிடம் யார் தனியாக இருக்கலாம் என்ற கேள்விக்கு இன்னும் தாமதம். நடிக்கும் குழந்தைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு சேவை செய்பவர்கள் கைரேகை கொடுத்து, குற்றப் பின்னணி சோதனைக்கு உட்பட்டு, அனுமதி வாங்க வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டது 2012-ல். மேலாளர்கள், போட்டோ எடுப்பவர்கள், நடிப்பு சொல்லித் தருபவர்கள் எல்லோரும் அதில் வருகிறார்கள். விளம்பர வேலைகளைக் கவனித்துக்கொள்பவர்களும் வருகிறார்கள். அப்போது டாட் பிரிட்ஜஸுக்கு வயது 47.