ஷட்டரை வாடகைக்குப் பிடிக்கும் முன்

போன வாரம் ஒரு தம்பியிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது. எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் என்னிடம் வசனம் ஒப்பித்து வளர்ந்த பிள்ளை. இப்போது சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். “அக்கா, படப்பை பக்கம் சபை தொடங்கப்போகிறேன். மெயின் ரோட்டிலேயே ஒரு ஷட்டர் பார்த்துவிட்டேன். புதிதாகச் சபை ஆரம்பிக்கிறவர்களுக்கு உதவுகிற மாதிரி நெட்டில் நல்லதாக ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்” என்று எழுதியிருந்தான். கூடவே ஒரு லோகோ. கீபோர்டுக்கும் ஸ்பீக்கருக்கும் முன்பணம் கொடுத்தாகிவிட்டதாம்.

அவனுடைய வாஞ்சையைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான். 24 வயதில் சொந்தச் சம்பளத்தை எடுத்துவைத்து இப்படி ஒரு காரியத்தை நினைக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்? ஆனால் செய்தியை இரண்டாம் தடவை படித்தபோது மனது கனத்தது. இடம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஸ்பீக்கர் இருக்கிறது. படப்பையில் இருக்கிற ஒரு மனிதரைப் பற்றிக்கூட அதில் ஒரு வரி இல்லை.

அவனோடு போனில் ஒரு மணி நேரம் பேசினேன். இதே கேள்வியோடு இன்னும் பல பிள்ளைகள் இருப்பதால், பேசியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

முதலில் அவன் கேட்டது. நெட்டில் நல்லது நிறையவே இருக்கிறது, நான் மறுக்கவில்லை. யூவெர்ஷன் செயலியில் தமிழ் வேதாகமம் இலவசமாகக் கிடைக்கிறது. பைபிள் ப்ராஜெக்டின் காணொளிகள் தமிழிலும் வந்திருக்கின்றன. ஒரு வேதபுத்தகத்தின் மொத்த ஓட்டத்தையும் சில நிமிடங்களில் படம் வரைந்து சொல்லிவிடுவார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ஓபன் பைபிள் ஸ்டோரீஸ்’. சிருஷ்டிப்பில் தொடங்கிப் புதிய வானம் புதிய பூமி வரைக்கும் படங்களோடு 50 கதைகள். யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், காசு கேட்க மாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாமார்களோடு உட்கார்ந்து ஒரு வேதப்பாடம் நடத்த இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் தம்பி மனதில் இருப்பது இவை இல்லை. ஆங்கிலத்தில் வருகிற, சபை தொடங்குவது எப்படி என்று சொல்லித்தரும் பாடங்கள். முதல் ஞாயிறுக்கு முன்னால் மேடை எப்படி இருக்க வேண்டும், வாசலில் யார் நிற்க வேண்டும், போஸ்டர் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்றெல்லாம் வாரக் கணக்கில் அட்டவணை போட்டுத் தருவார்கள். கார் நிறுத்துமிடத்துக்கென்றே ஒரு பகுதி வைத்த பாடம் ஒன்றைப் பார்த்தேன். அது அந்த ஊருக்கு வேண்டியதாக இருக்கலாம். பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வருகிற நம் ஜனங்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

அவன் மாதிரியாகச் சொன்ன பெரிய சபைகளையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ரிக் வாரன் தொடங்கிய சாடில்பேக் சபை. 1980ஆம் ஆண்டு ஈஸ்டரன்று ஒரு பள்ளி அரங்கத்தில் முதல் ஆராதனை. இன்று நாம் யூடியூபில் பார்ப்பது அந்தச் சபையின் மேடையும் விளக்குகளும். அந்த முதல் ஆராதனைக்கு முன்னால் அவர் வீடு வீடாகக் கதவைத் தட்டி, ‘நீங்கள் ஏன் சபைக்குப் போவதில்லை?’ என்று கேட்டு, சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டு போனார். அந்தக் கதவு தட்டலை யாரும் காப்பியடிப்பதில்லை.

கொரியாவின் யொய்டோ சபையும் அப்படித்தான். 1958இல் சியோல் நகரத்தின் ஓரத்தில், ஏழை ஜனங்கள் நடுவில் ஒரு வீட்டில் ஐந்து பேரோடு தொடங்கி, பிறகு கூடாரத்தில் கூடியது. போதகர் யொங்கி சோ 1964 வாக்கில் வேலைப் பளுவில் உடம்பு முடியாமல் விழுந்தபோது, வீட்டு ஜெபக் குழுக்களை நடத்தும் பொறுப்பைப் பெண்களிடம் கொடுத்தார். அன்றைய கொரியாவில் அது சாதாரண விஷயமில்லை. அந்தப் பெண்கள் வீடு வீடாகப் போய்த்தான் சபை வளர்ந்தது. அதே சபையின் இன்னொரு பக்கத்தையும் தம்பியிடம் சொன்னேன். தன் மகனிடமிருந்த பங்குகளைச் சபைப் பணத்தில் அதிக விலைக்கு வாங்கவைத்துச் சபைக்கு நஷ்டம் உண்டாக்கினார் என்று 2014இல் சியோல் நீதிமன்றம் யொங்கி சோவைக் குற்றவாளி எனத் தீர்த்தது. இரண்டுமே ஒரே மனிதரின் கதை. தொடங்குகிறவன் இரண்டையும் படிக்க வேண்டும்.

இந்தப் பணக் காரியம் எனக்கு வெறும் செய்தி இல்லை. இப்போதைய சபைக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் ஒரு சிறு சபையில் எட்டு வருஷம் இருந்தோம். வாடகை இடத்திலிருந்து சொந்த இடத்துக்குப் போக வேண்டுமென்று எல்லாரும் உபவாசமிருந்து ஜெபித்தோம். நான் என் இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தேன். வீட்டு வேலைக்குப் போகிற ஓர் அக்கா தன் சீட்டுப் பணத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தார். பத்திரம் யார் பெயரில் என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்பது அவிசுவாசம் என்று நினைத்தோம். அது ஒரே ஒருவரின் சொந்தப் பெயரில் இருந்தது. பிரச்சினை வந்தபோது சுமார் 60 பேர் வெறுங்கையோடு வெளியே வந்தோம். வளையல் போனதுகூடப் பெரிதில்லை. அந்த அக்கா அதற்குப் பிறகு எந்தச் சபைக்கும் போகவில்லை. அவருக்கு என்ன பதில் சொல்வதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் நம் சபையில் பொருளாளராக இருக்கச் சொன்னபோது ஒத்துக்கொண்டேன். தம்பிக்கும் சொன்னேன்: கூடி ஜெபிக்க யாரிடமும் லைசன்ஸ் வாங்க வேண்டாம், அரசியலமைப்பின் 25, 26ஆம் பிரிவுகள் அந்த உரிமையைத் தருகின்றன. ஆனால் காணிக்கை வாங்கத் தொடங்கிவிட்டால் அது உன் பணம் இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் பதியலாம், அதற்கு ஏழு பேர் வேண்டும். இல்லாவிட்டால் டிரஸ்ட் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். எப்படியானாலும் உன் வீட்டு ஆட்களை மட்டும் வைத்துப் பதியாதே. பேங்க் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து, மாதா மாதம் சபை முன்னால் கணக்கு. வழிபாட்டுக் கட்டடம் கட்டுவதென்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் அன்பாக அனுப்பினால்கூட, அந்நியப் பங்களிப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி இல்லாமல் சபைக்கென்று வாங்கக் கூடாது.

அப்புறம் அந்த ஸ்பீக்கர். சென்னையில் ஒரு சபையின் ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் கோர்ட்டுக்குப் போய், அது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. மற்றவர்களின் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000இல் தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்டவர்கள் அந்தச் சபையின் பக்கத்து வீட்டுக்காரர்கள். அன்புகூர வேண்டும் என்று இயேசு சொன்ன அதே பிறன்.

சரி, மாதிரி என்று பெரிய சபைகளைச் சொன்னானே, அதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. எங்கள் பாளையங்கோட்டையில் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்று ஜனங்கள் சொல்லுகிற சின்ன ஆலயம் ஒன்று உண்டு. கட்டியவர் குளோரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்திப் பிராமண விதவை. 1778இல் ஜெர்மன் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர், முதல் பெயர் அவருடையது. ஆலயம் பிரதிஷ்டையானது 1785இல். அதாவது பதிவேட்டில் 40 பெயர் ஏறிய பிறகும் ஐந்து வருஷம் அவர்களுக்கு அந்தக் கட்டடம் கிடையாது. இன்று திருநெல்வேலித் திருச்சபை என்று நாம் பெருமையாகச் சொல்லுவதன் தொடக்கம் அந்த நாற்பது பெயர்தான். சிறுவயதில் பாட்டியோடு அந்த ஆலயத்துக்குப் போயிருக்கிறேன். ‘ஒரு பொம்பள ஆரம்பிச்ச சபைடி இது’ என்று பாட்டி சொன்னது காதிலேயே இருக்கிறது.

அதே மண்ணில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர் அசரியா. 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தை உண்டாக்கியவர்களில் ஒருவர். பிறகு தெலுங்கு தேசத்துக்குப் போய், பாஷை படித்து, மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகத் திரிந்தார். 1912இல் தோர்ணக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அங்கே பேராலயம் பிரதிஷ்டையானது எப்போது தெரியுமா? 1939இல். இருபத்தேழு வருஷம்! அதற்குள் எத்தனை கிராமங்களில் மரத்தடியிலும் கூரைக்கடியிலும் ஆராதனை நடந்திருக்கும். இதைச் சொன்னபோது தம்பி போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நம் சரித்திரத்தில் வெட்கப்பட வேண்டியதும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் படிக்க வேண்டும். வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிக்காரர்களைப் பிரித்து உட்காரவைக்க நடுவில் சுவரே இருந்தது. 1910இல்தான் அதை இடித்தார்கள். இன்றைக்குச் செங்கல் சுவர் இல்லை. ஆனால் சொந்தக்காரர்கள், சொந்த ஊர்க்காரர்கள் என்று ஒரே கூட்டத்தைத் திரட்டி அதற்குப் புதுச் சபை என்று பெயர் வைத்தால், அந்தச் சுவரை மறுபடியும் கட்டுகிறோம். கல்யாணப் பேச்சு வரும்போது அது நன்றாகவே தெரியும். இதில் எனக்குக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

கடைசியாக அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “படப்பை, ஒரகடம் ஜனங்களைப் பற்றி எந்த சைட்டிலும் இல்லாதது ஏதாவது உனக்குத் தெரியுமா?” யோசித்துவிட்டுச் சொன்னான்: “ஷிப்ட்டுதான் அக்கா. என் ரூம் பையன்களில் பாதிப்பேருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் லீவே கிடையாது. ஒப்பந்தத் தொழிலாளிகள். எந்தச் சபைக்கும் போக முடியாது.” அதைத்தான் தம்பி நான் கேட்க நினைத்தேன் என்றேன். பத்து மணி ஆராதனைக்கு ஷட்டர் பிடித்தால் யாருக்காக என்று நினைக்கிறானோ அவர்களே வர முடியாது. பிலிப்பியில் பவுல் போனதும் ஆற்றங்கரைக்குத்தான். அங்கே கூடிவந்த பெண்களோடுதான் உட்கார்ந்து பேசினார். அவர்களில் ஒருத்தியான லீதியாள் தன் வீட்டைத் திறந்தாள். மூன்று மாதம் ஷட்டரை மறந்துவிடு, கீபோர்டு முன்பணத்தைத் திருப்பிக் கேள் என்றேன். அரை மனதாகச் சரி என்றான்.

நேற்று ராத்திரி ஒன்றே காலுக்கு அவனிடமிருந்து மறுபடி ஒரு செய்தி. இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்து, ரூமில் நான்கு பேர் உட்கார்ந்து ‘ஓபன் பைபிள் ஸ்டோரீஸ்’ முதல் கதையைப் படித்தார்களாம். ஒரு பையன் ஒடிசாக்காரன், தமிழ் பேச்சு புரியும், படிக்க வராது. “ஒடியாவில் இருக்கிறதா அக்கா?” என்று கேட்டிருந்தான். இருக்கிறது. காலையில் எழுந்ததும் அனுப்பிவிட்டேன்.