நேர்மையான துரையால் வந்த வினை

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில், இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஆங்கிலேயர் காரன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலை நிற்கிறது. பீடத்தில், திப்புவின் இரண்டு பையன்களைப் பிணையாக வாங்கிக்கொள்ளும் காட்சி. தேனாம்பேட்டை செனோடாப் ரோட்டுக்குப் பெயர் வந்ததே இவருடைய நினைவு மண்டபத்தால்தான்.

இவரைப் பற்றிப் பேசினாலே அமெரிக்க சுதந்திரப் போரில் யார்க்டவுனில் தோற்ற கதைக்குத்தான் போவார்கள். 1781 அக்டோபரில் வாஷிங்டனிடம் சரணடையும் நாளில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, வாளைக் கொடுக்கத் தன் துணைத் தளபதியை அனுப்பினாராம். கூத்து அதற்கப்புறம்தான். இவருக்கு மாற்றாக விடுவிக்கப்பட்ட ஹென்றி லாரன்ஸ் என்ற அமெரிக்கர் லண்டன் டவர் கோட்டையில் கைதியாக இருந்தவர். அந்த டவருக்குக் காவல் தலைவர் யார் என்றால், சாட்சாத் காரன்வாலிஸேதான்!

தோற்றவருக்கு ஐந்தே வருடத்தில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் பதவி. ஆள் கை சுத்தம், அதை மறுக்க முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனி கலெக்டர்கள் சொந்த வியாபாரம் செய்வதைத் தடுத்தார், சம்பளத்தை உயர்த்தினார். மைசூர்ப் போரில் தனக்கு வந்த கொள்ளைப் பங்கைக்கூட வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்.

என் சிக்கலே இந்த நேர்மையோடுதான். வெள்ளைக்காரன் லஞ்சம் வாங்கினால் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தவர், இந்தியர்களை மட்டும் நம்பவே முடியாது என்று முடிவு கட்டி உயர் பதவிகளிலிருந்து ஒதுக்கினார். ஒரே நோய்க்கு இரண்டு வைத்தியம். அதைவிடப் பெரிய வேலை 1793-ல் வங்காளத்தில் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம். குத்தகை வசூலில் பதினொன்றில் பத்துப் பங்கு கம்பெனிக்கு, மிச்சம் ஒரு பங்கு ஜமீன்தாருக்கு என்பது கணக்கு. கெடு நாளில் சூரியன் மறைவதற்குள் வரி கட்டாவிட்டால் ஜமீன் ஏலத்துக்குப் போகும். மழை பொய்த்தது, வெள்ளம் வந்தது என்ற பேச்சே எடுபடாது. பழைய ஜமீன்கள் பல ஏலத்தில் போக, கல்கத்தாவில் பணம் சேர்த்தவர்கள் வாங்கிப்போட்டார்கள். உழுதவனுக்குப் பட்டாவும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

நம் பக்கமும் தப்பவில்லை. 1792 ஒப்பந்தத்தில் திப்புவிடமிருந்து பாதி ராஜ்யமும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயும் கறந்தபோது திண்டுக்கல்லும் பாராமகாலும் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) கம்பெனி கைக்கு வந்தன. பாராமகாலில் கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் குடியானவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு வழிபோட்டார்கள். ஆனால் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் காரன்வாலிஸின் அச்சுதான் விழுந்தது. அந்த ஜமீன் முறையை ஒழிக்க இங்கே 1948-ல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

இதே மனிதர்தான் 1766-ல், அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு எந்தச் சட்டத்தையும் போடும் உரிமை லண்டனுக்கு உண்டு என்ற மசோதாவை எதிர்த்து வாக்களித்த விரல்விட்டு எண்ணக்கூடிய பிரபுக்களில் ஒருவர். அயர்லாந்தில் கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமை தர மன்னர் மறுத்ததும் அங்கே வகித்த வைஸ்ராய் பதவியைத் தூக்கிப் போட்டவரும் இவரே. அந்த மனசாட்சி வங்காளத்து உழவன் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

1805-ல் இரண்டாம் முறை கவர்னர் ஜெனரலாக வந்தார். சில மாதம்கூடத் தாங்கவில்லை. அக்டோபரில் கங்கைக் கரையில், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் காசிப்பூரில் இறந்தார். கல்லறை இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊருக்கு அவருடைய நிலவரித் திட்டம் அவருக்குப் பத்து வருடம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.