"பிள்ளை ரொம்ப அடக்கம்"

தாய் தகப்பனை இழந்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையை, கண்டியிலோ நுவரெலியாவிலோ வசதியாக இருக்கிற மாமா, சித்தி வீட்டார் கூட்டிப்போய் வளர்ப்பது நம் மலையகத்தில் புதிது இல்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தபோது, பள்ளிக்கூடம் போயிருந்ததால் உயிர் தப்பி, பெற்றவர்களை இழந்த பிள்ளைகள் இருந்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சொந்தபந்தம் கை கொடுப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து விருந்தாளிகளிடம் சொல்கிறார்களே, "பிள்ளை ரொம்ப அடக்கம், இருக்கிற இடமே தெரியாது" என்று, அதைக் கேட்டால்தான் பத்திக்கொண்டு வருகிறது.

பத்து வயதுப் பிள்ளை இருக்கிற இடம் தெரியாமல் இருந்தால் அதில் பெருமைப்பட என்ன இருக்கு? லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அதே பிள்ளை பீலியடியில் தண்ணிக்குச் சண்டை போட்டிருக்கும். பக்கத்துக் காம்பராவில் உரிமையோடு ரொட்டி கேட்டு வாங்கித் தின்றிருக்கும். இங்கே சோபாவின் நுனியில் உட்காருகிறது. சுடுதண்ணிக் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்க வெட்கப்பட்டு, நுவரெலியாக் குளிரில் பச்சைத் தண்ணியில் குளிக்கிறது. பிரிட்ஜைத் திறக்காது. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பதைப் பார்த்து வீட்டுப் பிள்ளைகள் ஒருமுறை சிரித்திருப்பார்கள், அதிலிருந்து தேத்தண்ணியே வேண்டாம் என்றுவிடும். (சிரித்தவர்களின் தாத்தாவும் அப்படித்தான் குடித்தார்.)

தோட்டத்துத் திருவிழாவுக்கு அனுப்புங்கள் என்றால், "அம்மாயியைப் பார்த்துட்டு வந்தா நாலு நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கும்" என்கிறார்கள். வைத்திருக்கட்டுமே! உங்கள் மகள் மூஞ்சியைத் தூக்குவதே இல்லையா?

அப்புறம் வேலை. முதலில் தன் தட்டைக் கழுவும், பிறகு எல்லார் தட்டையும். சின்னவனைப் பார்த்துக்கொள்ளும். ஒரு வருசத்தில் அந்த வீட்டுக்கு வேலைக்கு ஆளே தேவைப்படாது. யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, அதனால் யாருக்கும் உறுத்துவதும் இல்லை. 16 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம். 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பதும் குற்றம். சரி, சித்தி வீட்டில் பாத்திரம் கழுவுகிற பிள்ளையை எந்த அதிகாரி வந்து வேலைக்காரி என்று எழுதப்போகிறார்?

யாரும் வாய் திறக்காத ஒன்று இருக்கிறது: காசு. லயத்துக் காம்பரா தோட்டத்தின் சொத்து, அதைப் பிள்ளை தன்னுடையது என்று சொல்ல முடியாது. ஆனால் கொழுந்து பறித்த அம்மாவின் பெயரில் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இருக்கும். அவள் சம்பளத்தில் பிடித்த 8 வீதம், தோட்டம் போட்ட 12 வீதம், அதற்கு மேல் தோட்டமே போட்ட ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். அவள் செத்த பிறகு அவள் எழுதிவைத்தவருக்கோ வாரிசுக்கோ சேர வேண்டிய காசு அது. பிள்ளையைக் கூட்டிப்போகும்போது துணிமணியோடு மரணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஈ.பி.எப். அங்கத்துவ இலக்கம் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். பிள்ளைக்கு உரிய பங்கு வந்தால் பிள்ளை பெயரிலேயே வங்கியில் போடுங்கள். "இத்தனை வருசம் சோறு போட்டோமே" என்று அதில் கை வைக்காதீர்கள். வங்கிப் புத்தகத்தை ஒளித்தும் வைக்காதீர்கள், பிள்ளையிடமே காட்டுங்கள். 18 வயதில் என்ன செய்வது என்று அது முடிவு பண்ணட்டும்.