அது பேய்ப் பூங்கா இல்லை

இரண்டு நாளாக எல்லோரும் பகிரும் அந்தக் காணொளியைப் பற்றித்தான். ரஷ்யாவில் சுவாஷியா குடியரசின் தலைநகரான செபோக்சரிப் பக்கம் இருக்கும் மரச்சிற்பப் பூங்காவுக்கு ஒருவர் போய், “ரஷ்யாவின் பேய்ப் பூங்கா” என்று தலைப்பு வைத்து, ஒரு சிற்பத்தின் தோளில் ஏறி உட்கார்ந்து, இன்னொன்றின் வாயில் சிகரெட் செருகி... பார்த்ததும் மனசு கசந்துவிட்டது.

அது பேய்ப் பூங்கா இல்லை. அங்கே வாழும் சுவாஷ் மக்களின் தொன்மங்களை மரத்தில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அவர் ஏறி உட்கார்ந்தது உலிப்பின் தோளில். உலிப் அவர்கள் கதைகளின் மாபெரும் வீரன்.

அங்கே மருத்துவம் படித்த நம் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. தோழியின் கிராமத்துக்குப் போயிருந்தபோது, அவள் பாட்டி வயல் நடுவில் ஒரு மேட்டைக் காட்டி, உலிப் செருப்பை உதறியதில் விழுந்த மண் அது என்றார். சொல்லும்போதே குனிந்து தன் செருப்பைக் கழற்றித் தட்டிக் காட்டினார். லிண்டன் மரப்பட்டையில் பின்னிய பழைய செருப்பு ஒரு ஜோடி அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது.

“அங்கே நிற்கும் அர்சூரி, வுபர் எல்லாம் கெட்ட ஆவிகள்தானே?” என்பீர்கள். சரி, ஆமாம். அர்சூரி காட்டில் வழி தப்பவைக்கும். வுபர் தூங்குகிறவர்களை அமுக்கும், கிரகணத்தில் சூரியனையே தின்னும். அதனால் வாயில் சிகரெட் செருகலாமா?

“அவர்களே இப்போது கிறித்தவர்கள், உனக்கென்ன வந்தது?” என்றும் ஒருவர் கேட்டார். பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள்தான். 18ஆம் நூற்றாண்டில் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அதற்காகப் பாட்டி சொன்ன கதை இல்லாமல் போய்விடுமா? இறந்த ஆணுக்கு ஓக் மரத்திலும் பெண்ணுக்கு லிண்டனிலும் ‘யூபா’ என்ற கல்லறைத் தூண் செதுக்கி நட்ட மக்கள் அவர்கள். அவர்களிடம் போய் மரம்தானே என்று சொல்ல முடியுமா?

“ஜாலிக்குத்தானே” என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

2010 கணக்கெடுப்பில் ரஷ்யாவில் 14 லட்சத்துக்கு மேல் இருந்த சுவாஷ்கள் 2021இல் 11 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். துருக்கிய மொழிகளின் ஒகூர் கிளையில் இன்று உயிரோடிருப்பது அவர்கள் மொழி ஒன்றுதான். தோழியின் தம்பிக்கே அது சரளமாக வராது, பாட்டியிடம் ரஷ்ய மொழியில்தான் பேசுவான். இப்படிக் கைநழுவிப் போவதைப் பிடித்துவைக்கத்தான் யாரோ உளி எடுத்திருக்கிறார்கள். நாம் போய் அதற்குப் பேய் என்று பெயர் வைத்துவிட்டு வருகிறோம்.

இதையெல்லாம் மரியாதையாகத்தான் காணொளி போட்டவரின் பதிவின் கீழே எழுதினேன். நீக்கிவிட்டார். காணொளியை எடுக்கச் சொல்லவில்லை, தலைப்பை மாற்றுங்கள் என்றுதான் கேட்டேன். இப்போதும் அதைத்தான் கேட்கிறேன்.